எறங்கு என்றொரு சொல்

"சார், நம்ம பி.டி. சார் போய்ட்டாரு" என்று சேலையூரிலிருந்து ஒரு பழைய மாணவன் ஃபோனில் சொன்னபோது, "எந்தப் பி.டி. சார்?" என்று எரிந்து விழுந்தேன். தெரியாமலா கேட்டேன்? வேறு யாராவதாக இருந்துவிடாதா என்ற நப்பாசைதான்.

நம் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் தனராஜை உங்களுக்கெல்லாம் தெரியும். நான் கால்பந்து மைதானத்தில் மைக் பிடித்து வர்ணனை செய்த தமிழ் வாத்தியார். இருவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. ஏரி மண்மேல் கட்டிய பழைய கேலரியைப் பார்த்து, "இது கேலரி இல்ல சார், அப்பளம்" என்று அவர் சொல்லாத நாளில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நிர்வாகமோ, கடைசியாக ஒரு இறுதிப்போட்டி நடத்திவிட்டு இடிக்கலாம் என்றது.

அன்று அஸ்தினாபுரம், கீழ்க்கட்டளை வரைக்கும் ஊரே திரண்டு வந்து கேலரியில் ஏறியிருந்தது. ஆட்டம் சமநிலையில், முடியப்போகும் நேரம். தனராஜ் வெளிறிய முகத்தோடு என்னிடம் ஓடிவந்தார். "கீழ தூணு வாயப் பொளந்துகினு நிக்குது சார். ஒரு கோல் விழுந்தா குதிப்பானுங்க. அவ்ளோதான்."

"விரிசல்னு சொல்லிடவா?" என்றேன்.

"ஐயையோ! நெரிசல்லயே செத்துடுவாங்க." மைக்கைப் பிடுங்கி, "எறங்குங்கப்பா, எறங்கு!" என்று கத்தினார்.

பாவி மனுஷனுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா! நம் மைதானத்தில் 'எறங்கு' என்றால், முன்னால் ஏறிய ஆட்டக்காரன் தன் கோலைக் காக்கத் திரும்பி வரவேண்டும் என்றல்லவா அர்த்தம். கேலரி மொத்தமும் குஷியாகி, "எறங்கு! எறங்கு!" என்று காலால் தாளம் போட்டது. அடியில் சிமென்ட் பொடி கொட்டியது.

தனராஜ் மைதானத்துக்குள் பாய்ந்தார். கோல் போடப் போன நம் பையன் காலிலிருந்த பந்தைக் கையால் அள்ளிக்கொண்டு எதிர்ப்புறம் ஓட்டம் பிடித்தார். "துரோகி! புடிடா அவன!" என்று கேலரியே இறங்கித் துரத்தியது. பிடித்தார்கள், அடித்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள். பின்னால் கேலரியின் நடுப்பகுதி சடசடவென்று உட்கார்ந்தபோது அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

கோப்பை போயிற்று. "போனாப் போவுது சார், புள்ளைங்க வூடு போய்ச் சேந்தாங்களே" என்றார், உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி. புது ஸ்டேடியம் வந்த பிறகும் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தூண்களைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். நான் கிண்டல் செய்வேன்.

நேற்று, அன்றைக்கு அவரை அடித்தவர்கள்தான் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். குழியருகே நின்றதும் ஒருவனுக்கும் கை வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். நான்தான் சொன்னேன்: "எறக்குங்கப்பா."

இந்த முறை எல்லோருக்கும் சரியாகப் புரிந்தது.