கர்சீப் மாமாவின் சுத்தம்

என் அக்காவின் கணவரை எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் கர்சீப் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். எதையும் கர்சீப்பால் துடைக்காமல் தொட மாட்டார். நெட்வொர்க் அவர் பொறுப்பு. பில் போடுவது என் பொறுப்பு. எனக்கு மட்டும் அவர் மாமா.

அவர் வேலைக்கும் குணத்துக்கும் ஏழாம் பொருத்தம். வெளியிலிருந்து இணையத்தை உள்ளே கொண்டுவருவது ரவுட்டர். அதை மேஜை மேஜையாகக் கேபிளில் பிரித்துக் கொடுப்பது சுவிட்ச். கேபிளே இல்லாமல் காற்றில் அனுப்பினால் வைஃபை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். ஆனால் அந்தப் பெட்டிகள் குடியிருக்கும் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! எலிப் புழுக்கை, பிஸ்கட் தூள், வெட்டிப் போட்ட நகம், சுருண்ட தலைமுடி. வைஃபை பெட்டியின் உச்சியில் எவனோ மென்ற சூயிங்கத்தை ஒட்டி வைத்திருந்தான். மாமா குமட்டிக்கொண்டே சுரண்டினார். "மனுஷங்களாடா இவங்க?" அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. வீட்டிலும் இதே கூத்துதான். அவர் வரும்போது அக்கா வாசலில் சோப்போடு நிற்க வேண்டும்.

அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவை அவருக்குக் கண்டாலே ஆகாது. கழிவறைக்கும் மேஜைக்கும் ஒரே துணி என்று சந்தேகம். கண்ணால் பார்த்ததெல்லாம் கிடையாது.

அன்று காலை என் மேஜைக்கடியில் குனிந்தவர், ஒரு கேபிளின் முனை தரையில் குப்பையோடு கிடப்பதைப் பார்த்துவிட்டார். "சீ!" என்று கர்சீப்பால் துடைத்து, பக்கத்திலேயே இருந்த சுவிட்சின் காலித் துளை ஒன்றில் செருகிவிட்டுக் கைகழுவப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மொத்த அலுவலகமும் படுத்துவிட்டது. பில் போகவில்லை, வைஃபை இருந்தும் எதுவும் திறக்கவில்லை. வானத்துக்கும் பூமிக்கும் குதித்த மேனேஜரின் கண்ணில் பட்டவர், வாளியோடு நின்ற அந்த அம்மா.

"ஈரத்துணிய விட்டு வயரையெல்லாம் நனைச்சு வச்சிருக்க, அப்படித்தானே?"

"நான் இன்னிக்கு இந்தப் பக்கமே வரல சார்."

மேனேஜர் மாமாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இவ வேலைதானே?"

"இருக்கும் சார். இவங்க சுத்தம்தான் எல்லாருக்கும் தெரியுமே."

வயர் நனைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் இப்படிச் சொன்னார். அந்த அம்மாவின் வேலை அங்கேயே போயிற்று.

பிறகுதான் மாமா என் மேஜைக்கடியில் புகுந்தார். நான் செல்போன் வெளிச்சம் காட்டினேன். சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் பித்துப் பிடித்தாற்போல் சேர்ந்து மின்னின. கேபிளைத் தடவிக்கொண்டே போனார். ஒரு முனை சுவிட்சில். மறுமுனையும் அதே சுவிட்சில். உள்ளே போன தகவல் வெளியேற வழியின்றி பெருகிப் பெருகிச் சுற்றி, மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. யாராவது லேப்டாப் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்ளட்டும் என்று சும்மா விட்டிருந்த கேபிள் அது.

பிடுங்கினார். எல்லாம் உயிர் பெற்றன. மேனேஜர் கை தட்டினார்.

"மாமா, நீங்கதான் சொருகினீங்கன்னு சொல்லிடுங்க. அந்தம்மா இன்னும் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க."

"அதான் சரி பண்ணியாச்சேடா. இப்ப எதுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மனிதரோடா இத்தனை வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டேன்?

"எலிப் புழுக்கைக்குக் குமட்டுதே, இது உங்களுக்குக் குமட்டலயா மாமா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "அட, இவ்வளவுதானா? சரி, அவள வரச் சொல்லுங்க" என்று அந்த ஆள் பல்லைக் காட்டினார். அவ்வளவுதான் அவருக்கு ஒருத்தரின் பிழைப்பு.

அந்த அம்மா கேட்டருகே சீருடையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். மாமா மூச்சிரைக்க நின்றார்.

"தப்பு என்னோடதும்மா, வயரைத் தப்பாச் சொருகினது நான்தான். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். மேல வாங்க."

"என்னன்னு சொன்னீங்க? வயரை நீங்க சொருகினதையா, இல்ல, என் சுத்தத்தப் பத்திப் பொய் சொன்னதையா?"

மாமா கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அந்த அம்மா சீருடையைக் காவலாளியின் மேஜையில் வைத்தார். "உங்க கக்கூஸைத் தினமும் கழுவியிருக்கேன் சார். ஒரு நாளும் எனக்கு இப்படிக் குமட்டினதில்ல."