அணைய மறுத்த எஞ்சின்

என் கணவர் நெஞ்சுவலியோடு ஈப்போ மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது, டாக்டர் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு இருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துச் சொல்வோம் என்பது ஒன்று. அதுவரை அவர் கார் ஓட்டக் கூடாது என்பது மற்றொன்று. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையிலிருந்து முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். முதலாவதைக் கேட்டுத் தலையாட்டினார். இரண்டாவதைக் கேட்டதும் முகம் தொங்கிப் போயிற்று.

இனிமேல் நான்தான் ஓட்ட வேண்டும். லைசன்ஸ் எடுத்து இருபது வருடமாகியும் சந்தையையும் கோயிலையும் தாண்டாதவள் நான். எங்கள் வீடு தஞ்சோங் ரம்புத்தானுக்கும் அப்பால், ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், இந்த நாட்டில் யாருக்காவது கிறுக்குப் பிடித்துவிட்டால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன் என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை, ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறேன். இங்கிருந்து ஈப்போ மருத்துவமனைக்கு அரைமணி நேரம். மறுபடி வலி வந்தால் அந்த அரைமணி நேரம் என் கையில்தான் இருக்கிறது.

காரும் எங்களுடையதல்ல. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் புதிது வாங்கியபோது தன் பழைய காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதை ஓட்டிய முதல் நாளே சிவப்பு விளக்கில் நின்றதும் எஞ்சின் அணைந்துவிட்டது. பொத்தானைத் தொடவில்லை, எதையும் செய்யவில்லை. சத்தம் நின்றது, அவ்வளவுதான். பின்னால் ஒரு லாரி, பக்கத்தில் இவர். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று கத்தினேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்புடாதலா. இந்தக் காடி அப்புடித்தான். நின்னா தானா மாத்தி ஆவும், பிரேக்க விட்டா தானா ஹிடுப் ஆயிரும். எண்ணெய் மிச்சம்."

மாத்தி என்பது மலாய்ச் சொல். சாவு என்று பொருள். ஹிடுப் என்றால் உயிர். மலாயில் எஞ்சின் நின்றால் செத்தது, கிளம்பினால் உயிர்த்தது. நாங்களும் பேச்சுவாக்கில் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். விளக்கை அணைப்பதற்குக்கூட அணை என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது, மலையேற்று என்போம். விளக்குக்கு அத்தனை மரியாதை. அதே வாய் காரைப் பார்த்து, மாத்தி ஆயிருச்சு என்று கூசாமல் சொல்கிறது. அதுநாள் வரை இது எனக்கு உறைத்ததே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பிழைத்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மாத்தி, ஹிடுப், மாத்தி, ஹிடுப் என்று போனபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். திரும்பக் கிளம்பியதும் விடுவேன்.

அந்த வாரமே கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைக்குப் போனேன். முருகன் படம் ஒன்றும், அதைச் சுற்றி எரியும் சின்னச் சின்ன மின்விளக்குகளும் வாங்கி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கடைக்காரர் அதை சிகரெட் லைட்டர் துளையில் செருகினார். எஞ்சினை நிறுத்தினால் விளக்கும் நின்றது. கூடாது, இரவு பகல் எரிய வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒயரை நேரே பேட்டரிக்கு இழுத்துக் கொடுத்தார். தினமும் கொஞ்ச தூரமாவது ஓட்டுங்கள் அக்கா என்றார். இத்தனூண்டு விளக்கு எவ்வளவு குடித்துவிடப் போகிறது என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது வேண்டுதல். அறுவை சிகிச்சை முடிந்து அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குள் வரும்வரை அந்த விளக்கு மலையேறக் கூடாது என்று முருகனிடம் சொல்லியிருந்தேன். இவரிடம் சொல்லவில்லை. தன் உயிரை வைத்து யாரும் சாமியோடு பேரம் பேசக் கூடாது என்பவர். தெரிந்தால் அன்றே கழற்றச் சொல்லியிருப்பார். விளக்கு மலையேறினால் என்ன ஆகுமென்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயம். சும்மா அழகுக்கு வைத்தேன் என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கார் சிவப்பு விளக்கில் நின்றது, ஆனால் எஞ்சின் அணையவில்லை. முன்னால் இருக்கும் பலகையில், வட்டத்துக்குள் பச்சையாக எரியும் ஏ என்ற ஆங்கில எழுத்து மஞ்சளாகிக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. தானாக நிறுத்தும் வசதி இப்போது கிடையாது என்று கீழே எழுதியும் காட்டியது. அடுத்த விளக்கிலும் அணையவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முருகனே கை வைத்துத் தடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். விளக்கு எரிகிற வண்டியில் எதுவும் மாத்தி ஆகாது. வீட்டுக்கு வந்ததும் படத்துக்கு ஒரு செம்பருத்தி வைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இவருக்குச் சந்தோஷமில்லை. வண்டி சும்மா தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது என்றார். படுத்தே கிடந்தவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. காரில் இருந்த தடித்த புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எந்தெந்தக் காரணத்துக்கெல்லாம் எஞ்சின் நிற்க மறுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். ஏர்கோன் ரொம்பக் குளிராக ஓடினால் நிற்காதாம், குறைக்கச் சொன்னார். ஈப்போ வெயிலில் இருவரும் வியர்த்து வழிந்தோம், எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சின் சூடேறாவிட்டால் நிற்காதாம். சூடேறட்டும் என்று கிளம்பிய பிறகு பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தோம். பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா, கதவு இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மேட்டில் நிறுத்தினேனா என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் கழிய, அவர் முகத்தில் பழைய லாரிக்காரக் களை திரும்பியது. புத்தகத்தில் கடைசியாக இருந்தது எதுவென்று அவர் தூங்கும்போது நானும் எட்டிப் பார்த்திருந்தேன்.

"பேட்டரிதான் பாக்கி. நாளைக்குப் போனெட்டத் தொறந்து பாக்குறேன்," என்றார்.

திறந்தால் ஒயர் தெரியும். ஒயர் தெரிந்தால் கேள்வி வரும். நான் யோசிக்கவே இல்லை, பொய் தானாக வந்து விழுந்தது. நீங்கள் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மறந்துவிட்டீர்களா என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. சரி, பட்டறைக்கு விடு என்றார். விடுகிறேன் என்றேன். அதன்பின் வந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. அவர் உடம்பைக் காட்டியே அவரை அடக்கிவைத்தேன்.

அப்படிப் பதினோரு நாள் போனது. அன்று மாலை நான்கு மணிக்குத் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இடது தோளைத் தடவிக்கொண்டே, "வந்திருச்சு," என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மாத்திரையை நாக்கடியில் வைத்துக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரில் உட்கார வைத்தேன். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினேன்.

டக் டக் டக் டக் என்றது. வேறொன்றும் இல்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி டக் டக். முருகனைச் சுற்றி விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சம்தான் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வயதில் நான் அப்படிப் பயந்ததில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. இவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் வாசலில் நின்று கத்தினேன்.

எதிர் வீட்டு மலாய்க்காரர் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கைலியோடு ஓடிவந்தார். ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தன் காரை எங்கள் கார் மூக்கோடு கொண்டுவந்து நிறுத்தினார். கேபிளைத் தேடி எடுக்க, போனெட்டைத் திறக்க, மாட்ட, கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறக் காத்திருக்க என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. இதோ கிளம்பிவிடும் என்றே அவர் நினைத்தார், அவர் காரிலேயே போய்விடலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. ஒயரை அவர் பார்த்துவிட்டார். பேட்டரியிலிருந்து விரலால் அதைத் தொடர்ந்துபோய், கண்ணாடி வழியே முருகனைப் பார்த்தார். சாமி விஷயம் என்பதால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இந்தக் காரின் எஞ்சின் இப்போதெல்லாம் சிவப்பு விளக்கில் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரமாக நிற்பதில்லை என்றேன்.

"டியா தாக்குத் மாத்தி, காக்," என்றார். "தாக்குத் தாக் போலே ஹிடுப் பாலெக்."

அதற்குச் சாகப் பயம், அக்கா. மறுபடி உயிர் வராதோ என்று பயம். பேட்டரி பலவீனம் என்பதைத்தான் அவர் தன் பாஷையில் சொன்னார். அணைத்தால் திரும்பக் கிளப்பத் தெம்பில்லை என்று தெரிந்துதான் கார் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தது. இரண்டு வாரமாக அது மஞ்சள் எழுத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் பூ வைத்தேன்.

எஞ்சின் கிளம்பியது. எங்கேயும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் கேபிளைக் கழற்றினார். அந்த அரைமணி நேரத்தில் பாதை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. பாதி வழியில் இவர் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார்.

"எனக்காகத்தானே இந்த வெளக்கு?"

ஆமாம் என்றேன். வண்டியை ஓட்டு என்று கையால் காட்டினார்.

மருத்துவமனை வாசலில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிப் போனார்கள். காரை எடுத்து ஓரத்தில் விட்டேன். எஞ்சினை நிறுத்தினால் அது திரும்பக் கிளம்பாது, நிறுத்தாமல் நான் உள்ளே போக முடியாது. நிறுத்தினேன். முருகனைச் சுற்றி எரிந்த விளக்கை மலையேற்றினேன் என்று மரியாதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒயரை வேரோடு பிடுங்கினேன். அவன் என்னை மன்னிக்கட்டும் அல்லது தண்டிக்கட்டும், எனக்கு அப்போது அவன்மேல் கோபம்கூட இருந்தது. உள்ளே ஓடினேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா அவர் கட்டிலருகே வந்தார். இளம் வயது, தமிழ்ப் பெண். அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது என்றார். செய்யும்போது இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் செய்ய வேண்டும். இப்போது அது மிகவும் பலவீனமாக இருக்கிறது, நிறுத்தினால் திரும்ப ஓட வைக்க முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அது தேறும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். இரண்டு நாளில் அந்த வார்த்தைகளை நான் இரண்டாம் முறை கேட்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா மருத்துவக் குறிப்பேட்டைப் புரட்டினார். வலி தொடங்கியதற்கும் இங்கே வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கிறது, உங்கள் வீடு அவ்வளவு தூரமில்லையே என்றார். சீக்கிரம் வந்திருந்தால் தசை இவ்வளவு கெட்டிருக்காது என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, எழுதிக்கொள்ளக் கேட்கிறார். ஏன் தாமதம், ஆன்ட்டி?

நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். விளக்கு, ஒயர், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் இவர் மூக்கிலிருந்த குழாயை விரலால் ஒதுக்கினார்.

"நான்தான்மா இவகிட்ட லேட்டா சொன்னேன்," என்றார். "வயித்துல கேஸ்னு நெனச்சு சும்மா படுத்துட்டேன். இவ ஒடனே காடிய எடுத்துட்டா."

டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார். இவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தாளில் இன்றும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நோயாளி வலியைத் தாமதமாகச் சொன்னார் என்று.