பெண்ணின் தகப்பன் பேசிய பேச்சு

அந்த ஆங்கிலேய எழுத்தாளர் செத்துப் பல காலம். உயிரோடு இருந்திருந்தால் ஒரு தடவையாவது நேரில் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். உலகத்தில் எத்தனையோ பேர் அவரை வாசித்துச் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் மூடத் தெரியவில்லை.

நோர்வேக்கு வந்த புதிதில், அகதி முகாமின் பொதுக்கூடத்து அலுமாரியில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகம் அவருடைய நாவல். அட்டை கிழிந்து போயிருந்தது. வெளியே இடுப்பளவு பனி; என் விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை; வேலையும் இல்லை. ஐந்து தடவை வாசித்தேன். பெரிய மனிதர்களின் மடைத்தனத்தையெல்லாம் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில் சொல்லிக்கொண்டே போவார். கோபம் வந்தால் பாராட்டுவார். அந்தக் குளிரில் எனக்கு அது மருந்துபோல இருந்தது.

ஒருநாள் முகாமுக்கு வந்த அதிகாரி அம்மா, வசதிகள் எப்படி என்று கேட்டார். "மிகவும் நல்லது. எங்களுக்குப் போக மனமே இல்லை, உங்களுக்கும் அனுப்ப மனமில்லை" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்த நாட்டில் நான் சொன்னதற்குச் சிரித்த முதல் ஆள் அவர்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடையது தொட்டிலில் வந்ததுகூட இல்லை, முகாமில் பிடித்தது. விடுகிறதாக இல்லை.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து டிராம் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வெள்ளைக்காரருக்கு என் வாய் பிடித்துப்போனது. எங்கள் ஆட்கள் அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் மகளைப் பற்றியதுதான்.

அவள் பிறந்த அன்று என் கையில் தந்தபோது விழுத்திவிடுவேனோ என்று பயந்துபோனேன். அதை மறைக்க, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று தாதியிடம் கேட்டேன். தாதி சிரித்தார். மனைவி இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் மகள் கணிதத்தில் ஆறு எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த நாட்டில் ஆறுதான் உச்சப் புள்ளி. "ஏழு தரமாட்டினமாமோ?" என்று கேட்டேன். அவளுடைய சிநேகிதிகளின் தகப்பன்மார் இதே கேள்வியை உண்மையாகவே கேட்கக்கூடியவர்கள். பகிடிக்கும் கண்டிப்புக்கும் பிள்ளை எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? அடுத்த சோதனைக்குச் சாப்பாட்டு மேசைக்கே வராமல் படித்தாள். அப்போதாவது அறைக்குள் போய், நீ கெட்டிக்காரி, அப்பாவுக்குச் சரியான பெருமை என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? மேசை உன்னைத் தேடுது என்று கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் என்மீது எனக்கே ஆத்திரம் வருகிறது.

வளர வளர அவள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: அப்பா சொல்வது எல்லாம் பகிடி. அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு வலிக்கவில்லை. எதைச் சொன்னாலும் அவளிடம் போய்ச் சேரவும் இல்லை.

போன கோடையில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது இங்கேதான். கோயிலில் பூசை, பிறகு ரொம்மன் பக்கத்து மண்டபமொன்றில் மத்தியானச் சாப்பாடு. நோர்வேக்காரரின் கலியாணச் சாப்பாட்டில் பெண்ணின் தகப்பன் எழும்பிப் பேசவேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் வேண்டுமாம்.

"அப்பா, சின்னதா, கூஷ்லியாப் பேசுங்கோ" என்றாள் மகள். கூஷ்லி என்றால் இந்த ஊர்ப் பாஷையில் இதமாக, மனதுக்கு நெருக்கமாக.

ஒரு கிழமை எழுதினேன். ஹொல்ம்லியாவில் ரயில் ஏறினால் வேலைக்குப் போகும் வரைக்கும் மனதுக்குள் பேசிப் பார்ப்பேன். எந்த வசனத்தைத் தொடங்கினாலும் நடுவில் அந்த ஆங்கிலேய எழுத்தாளர் வந்து அதைப் பகிடியாக வளைத்துவிட்டுப் போய்விடுவார். கிழித்துக் கிழித்துக் களைத்துப்போனேன். கடைசியில் அவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். முதல் பாதி அவருடையது. கடைசி இரண்டு வசனம் என்னுடையது.

மண்டபத்தில் நிகழ்ச்சியை நடத்தியவர் மாப்பிள்ளையின் சிநேகிதன். அவர் மைக்கைப் பிடித்து, "வாயில இருக்கிற தண்ணியை விழுங்கிப்போட்டு இருங்கோ. பெண்ணின்ர அப்பா வாறார், புரைக்கேறும்" என்றார். நான் எழும்பவே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு முதல் நன்றி சொல்லவேணும். இருபது வருசத்துக்குப் பிறகு எங்கட குளியலறையைத் திருப்பித் தந்திருக்கிறார்" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. இன்னும் இரண்டு சொன்னேன். பணிமனை நண்பர்களின் மேசைக்கு நோர்வேஜிய மொழியிலும் சொன்னேன். பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மகளைப் பார்த்தேன்.

"பிள்ளை, நீ இல்லாத வீட்டுக்குள்ள போக எனக்குப் பயமா இருக்கு. உன்னில எனக்கு உயிர், ஒருநாளும் சொன்னதில்லை."

அதே குரலில்தான் சொன்னேன். என்னிடம் வேறு குரல் இல்லை.

அதுவரை வராத பெரிய சிரிப்பு அப்போது வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மேசையில் தட்டினார். மகள் மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்; தலையை நிமிர்த்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா போதும் என்று கையைக் காட்டினாள்.

"இது பகிடி இல்லை" என்றேன்.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எவனோ விசில் அடித்தான். அந்த நிமிடத்தில் மைக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தவேண்டும் போல் இருந்தது. முப்பது வருடமாக இந்தச் சனத்தைப் பழக்கி வைத்தவன் நான்தான், யாரைப் பார்த்துக் கத்துவது? உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டி, "கடைசியாச் சொன்னதுதான் திறம்" என்றார்.

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். வெயில் இன்னும் போகவில்லை. மனைவி மடியில் பூக்கூடையை வைத்து, வாடிய இதழ்களைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"கடைசியாச் சொன்னது உண்மைதானே?" என்றாள்.

"ஓம்."

"நான் விளங்கினனான்."

"பிள்ளை சிரிச்சவள், கண்டனியோ?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

"அவள் முதல்ல சிரிக்கேல்லை. உங்கட முகத்தைத்தான் பாத்தவள்" என்றாள் மனைவி. "அந்த நேரம் நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"