மழைக்குள் லாரி ஓட்டிய ஞாயிறுகள்

நாகமலை புதுக்கோட்டையில் படித்தபோது எனக்கும் என் கூட்டாளிக்கும் ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர். ஒருவன் விளையாடினால் மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவான். இப்போது அவன் கனடாவில். நான் ஒத்தக்கடையில் ஒரு மாடி போர்ஷனில், வீட்டிலிருந்தே வேலை. சேர்ந்து விளையாட இருவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை.

"நீ விளையாடுறத ரெக்கார்ட் பண்ணி அனுப்பு மாப்ள. ட்ரெயின்ல போறப்ப பாத்துக்கிறேன்" என்றான்.

அவன் போகிறபோக்கில் சொன்னதுதான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டு அது. முதலில், திரையில் ஓடுவதை வீடியோவாகச் சுருக்கும் வேலையை பிராசஸரிடமே விட்டேன். விளையாட்டையும் அதுவே சுமக்க வேண்டியிருந்ததால் லாரி விட்டுவிட்டுத் திக்கியது. அடுத்த ஞாயிறு, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கு மாற்றினேன். லாரி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் விளையாட்டில் மழை பெய்ததும் வீடியோவில் மரங்களெல்லாம் பச்சைக் கூழாகிவிட்டன. கடைசியாக, தனி கிராபிக்ஸ் கார்டில் வீடியோவுக்கென்றே இருக்கும் பகுதியிடம் கொடுத்தேன். விளையாட்டும் தடுமாறவில்லை, கண்ணாடியில் வழியும் துளிகூடத் தெளிவாக விழுந்தது. அதிலேயே புதிய ஃபார்மட்டில் ஃபைல் பாதியாகச் சுருங்கியது. அவனுடைய பழைய போனில் அது ஓடாது என்பதால் பழைய ஃபார்மட்டிலேயே எடுத்தேன்.

ஒரே பாதை, ஒரே மழை. மூன்றையும் அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"எது மாப்ள நல்லாருக்கு?"

"மூணாவதுதான். ஆனா மைக்க ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்லையே, ஆன்லதான் இருந்துச்சு."

"கீழ்வீட்டு குக்கர் விசில் கேக்குது, மேலூர் பஸ் ஹாரன் கேக்குது. நீ ஒரு வார்த்தை பேசலையேடா."

போட்டுக் கேட்டேன். உண்மைதான். மூன்றிலும் என்னிடமிருந்து வந்தது மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

மறு ஞாயிறு மதியம் நாலாவதை எடுத்தேன். ஆளில்லாத அறையில் வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. "மாப்ள, இந்த வளைவுல பாரு" என்று ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் பழையபடி கத்திக்கொண்டிருந்தேன். லாரி பள்ளத்தில் உருண்டபோது அவனைத் திட்டினேன்.

ஃபைல் ஏறிக்கொண்டிருக்கையில் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு அக்கா, கையில் தட்டு, இரண்டு டம்ளர் டீ.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சு தம்பி. யாரோ விருந்தாளி வந்திருக்காகன்னு ரெண்டா கொண்டாந்தேன்."

"கூட்டாளிக்கா. கடைக்குப் போயிருக்கான், வந்துருவான்."

"ஆறிப்போறதுக்குள்ள வரச்சொல்லு" என்று இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு இரண்டையும் நானே குடித்தேன்.

மறுநாள் அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ட்ரெயின்ல தனியாச் சிரிச்சுட்டேன் மாப்ள. எதுத்தாப்ல இருந்தவரு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு."