ரொஸீனாவின் ஒரு சின்ன விஷயம்

கூட்டத் தலைவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ரொஸீனா கவுக்கி தன் முன்னால் கிடக்கும் பெயர்ப்பலகையைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார். 'மால்டா' என்று எழுதிய பலகை. படுத்திருந்தால் அந்த நாட்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் பேச வேண்டும் என்று பொருள். அதைப் பார்த்ததும் மற்ற நாட்டுப் பிரதிநிதிகள் பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார்கள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது.

"ஒரு சின்ன விஷயம், தலைவரே" என்று தொடங்குகிறார். அந்தச் சின்ன விஷயம் முடிவதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு விவகாரங்களைப் பேசும் கூட்ட அறைகளில், அவருக்குப் 'பிரேக்கம்மா' என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. கோபமில்லை. "பிரேக் இல்லாத வண்டில நீ ஏறுவியா?" என்று கேட்டுவிட்டு, தலைமேல் ஏற்றிவைத்த கண்ணாடியை மேசையெல்லாம் தேடுவார்.

குள்ளம்; அகன்ற தோள்; நடையில் ஒரு அவசரம். கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். இந்த ஊர் மழையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. குடையை எங்காவது மறந்து வைத்துவிட்டு, யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க மாடி மாடியாக அலைவார். ஊருக்குப் போய்விட்டு வந்தால் பையில் பாலாடைக்கட்டி அடைத்த பஃப் நிறைய இருக்கும். அதை, அறையைச் சூடாக்கச் சன்னலோரத்தில் ஓடும் வெந்நீர்க் குழாய்களின் மேல் வரிசையாக அடுக்கிச் சூடாக்குவார். எவ்வளவு பெரிய ராணுவ ரகசியத்தைப் பேசினாலும் அன்றைக்கு அறை முழுக்க வெண்ணெய் வாசனைதான்.

கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். ரொஸீனா பஃப் தட்டோடு மாடியேறி, கண்ணாடிக் கூண்டுகளில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடம் போவார். "என் வாய்க்குப் பின்னாலேயே ஓடி ஓடி இளைச்சுப் போயிட்டீங்க. சாப்பிடுங்க." அன்றைக்குத் தன்னை எதிர்த்துப் பேசியவர்களிடமும் தவறாமல் போய் நன்றி சொல்வார். கிண்டல் இல்லை. "நீங்க வேணாம்னு சொன்னதாலதான் நான் ஒழுங்கா யோசிச்சேன்" என்பார். புதிதாக வந்தவர்கள் முதல் தடவை இதைக் கேட்டு, உள்ளே ஏதோ குத்தல் இருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். ஒரு குளிர்காலம் போனால் புரிந்துவிடும்.

சென்ற ஆண்டு வசந்தத்தில் அந்த அறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. உலகத்தின் மறு பக்கத்தில் ஒரு கடல். அதிலுள்ள பாறைகளையும் மணல்திட்டுகளையும் எங்களுடையது என்று பல நாடுகள் சொல்கின்றன. நம் கடைகளில் விற்கும் சாமான்களில் நிறைய அந்த வழியாகத்தான் வருகின்றன. அங்கே ஒன்றியம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். உறுப்பு நாடுகளின் போர்க்கப்பல்கள் முறை வைத்து அந்தக் கடல் வழியே போய் வரும். வழி எல்லோருக்கும் பொது என்று காட்டும். ஆனால் தகராறான நீரில் எங்கும் நிற்காது, யார் பக்கமும் சாயாது. போய் வருவதைத் தவிர வேறு எது செய்வதானாலும் கேப்டன் தலைமையகத்தைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கப்பல் தவறான இடத்தில் நின்றால் ஒரு போருக்கே காரணமாகிவிடலாம். பலகைகள் எல்லாம் படுத்திருந்தன, ஒன்றைத் தவிர.

"ஒரு சின்ன விஷயம், தலைவரே. ஒரே ஒரு வரி சேக்கணும். ஆபத்துல இருக்கிறவங்களைக் காப்பாத்தக் கப்பலை நிறுத்தணும்னா, கேப்டன் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

நெதர்லாந்துப் பிரதிநிதி இட்ஸ்கே இளையவர், வாய்த்துடுக்கு அதிகம். முதலில் போகவிருந்தது அவர்கள் நாட்டுக் கப்பல்தான். "இது கடல் சட்டத்துலயே இருக்கு, மேடம். மூச்சு விடலாம்னு தனியா எழுதி வைக்கணுமா?"

அறை சிரித்தது.

"எழுதி வைக்கணும், கண்ணு. மூச்சு முட்டுற இடத்துக்குத்தானே அனுப்புறோம்" என்றார் ரொஸீனா.

எதிர்ப்பு வெறும் பிடிவாதமாக இருக்கவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் கேட்டார்: "நாளைக்கு எவனாவது வேணும்னே ஒரு படகைக் கவுத்துப்போட்டு, நம்ம கப்பலை நடுவுல இழுத்து மாட்டிவிட்டா? அப்ப யாரு பதில் சொல்றது?" ரொஸீனா அதைக் குறித்துக்கொண்டார். "இது நல்ல கேள்வி. நன்றி. நான் இதை யோசிக்கலை" என்றார். ஆனால் பலகையைப் படுக்க வைக்கவில்லை. எல்லா நாடும் சம்மதித்தால்தான் திட்டம் நகரும். ஒரு பலகை நின்றால் போதும், முழு வண்டியும் நிற்கும்.

வாரங்கள் போயின. திங்கட்கிழமை அமைச்சர்கள் கூடுகிறார்கள் என்ற நிலையில், வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசிக் கூட்டம் நடந்தது. ரொஸீனாவின் கைப்பைக்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. மால்டாவின் தலைநகர் வலெட்டாவிலிருந்து, அவருடைய அமைச்சகத்திலிருந்து. என்ன சொல்கிறார்கள் என்று ஊகிக்க முடியும்: போதும், விட்டுவிடு. அதைப் படித்துவிட்டால் கீழ்ப்படிய வேண்டும். கீழ்ப்படியாத அதிகாரி இல்லை அவர். ஆகவே பையைத் திறக்கவில்லை. அன்றைக்கு மேசைக்கடியில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தலைவர் ஹென்னிங் டென்மார்க்காரர். நெட்டையான, குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். இடைவேளை அறிவித்துவிட்டு, காபி இயந்திரத்தருகே ரொஸீனாவைப் பிடித்தார்.

"உங்க ஊர்லேருந்து என்ன உத்தரவு?"

"பைக்குள்ள இருக்கு, தலைவரே."

"அது துடிக்கிறது எனக்கே கேக்குது."

"எனக்கு வயசாச்சு. காது மந்தம்."

ஹென்னிங் சிரிக்கவில்லை. "எல்லாரும் சட்டத்துல இருக்குங்கறாங்க. நீங்களும் இருக்குங்கறீங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? கூட்டத்துல சொல்ற காரணம் வேணாம். எனக்குச் சொல்லுங்க."

ரொஸீனா காபிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் அப்பா வென்ஸு, மால்டாவின் கோஸோ தீவில் மீன்பிடித்தவர். ரொஸீனா பிறப்பதற்கு முன்னால், ஒரு குளிர்காலத்தில், அவருடைய படகின் எஞ்சின் நின்றுபோனது. காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போய், இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டிருந்த நீரில் விட்டுவிட்டது. கப்பல்கள் போயின. சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். சில கப்பல்கள் வேகம் குறைத்தன, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தன, பிறகு போய்விட்டன.

"அவங்களைக் கெட்டவங்கன்னு எங்க அப்பா ஒருநாளும் சொன்னதில்ல. யாரையோ கேட்டிருப்பாங்க, பதில் வந்திருக்காதும்பார். கடைசியா ஒரு பழைய சரக்குக் கப்பல். பேரெழுதின இடமெல்லாம் துரு. அது நேரா வந்து நின்னுச்சு. சூப்புக் குடுத்து, போர்வை குடுத்து, சிசிலில இறக்கி விட்டாங்க. எந்த நாட்டுக்காரன், என்ன பேரு, ஒண்ணும் தெரியாது. பாஷையும் புரியல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கல்யாணம், அதுக்கப்புறம் நான்." ரொஸீனா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த கேப்டன் அன்னைக்கு உத்தரவு கேட்டுட்டு உக்காந்திருந்தா உங்களுக்கு இன்னைக்கு நிம்மதி, தலைவரே. மால்டா சீட்ல வேற யாராவது உக்காந்து அழகாத் தலையாட்டியிருப்பாங்க. அந்த ஆளுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு விலாசம் கிடையாது. அதான் இங்க சொல்லிப் பாக்குறேன்."

ஹென்னிங் காலிக் குவளையைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

கூட்டம் மறுபடி கூடியதும் அவர் மால்டாவைப் பார்த்துப் 'பின்வாங்குகிறீர்களா' என்று கேட்கவில்லை. இட்ஸ்கேயைப் பார்த்தார். "முதல்ல போறது உங்க கப்பல். கிளம்புறதுக்கு முன்னாடி கேப்டன் உங்ககிட்ட வந்து, 'தண்ணில ஆள் கிடந்தா நான் நிக்கலாமா'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"நிக்கலாம்னுதான் சொல்வேன். அது சட்டம்."

"அவர் உங்களைக் கேக்கும்போது கையில சட்டப் புத்தகம் இருக்குமா, இந்தத் திட்டம் இருக்குமா?"

இட்ஸ்கே, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் துடுக்கு இல்லை. "கடற்படையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைக் கேட்டேன். அந்த வரி இருந்தா நிம்மதியாத் தூங்குவேன்னார். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. எழுதிடுங்க."

எதிர்வரிசைக்காரரின் கேள்விக்கும் இடம் கிடைத்தது: காப்பாற்றியதும் எல்லாத் தரப்புக்கும் தகவல் சொல்லி, ஆட்களைப் பக்கத்தில் உள்ள பாதுகாப்பான துறைமுகத்தில் சேர்க்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்ந்தது. மால்டாவின் பலகை படுத்தது. யாரோ கைதட்டினார்கள், சந்தோஷமா, விட்டது தொல்லை என்பதா, சொல்ல முடியாது. ரொஸீனா இட்ஸ்கேயின் இரு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அதன் பிறகே பையைத் திறந்து போனைப் பார்த்தார். 'உடனே ஏற்றுக்கொள்ளவும்' என்றிருந்தது. 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்பினார்.

வலெட்டாவில் யாரும் அதில் ஏமாறவில்லை. அந்த ஆண்டு லிஸ்பனுக்குத் தூதராகப் போவார் என்று பேச்சிருந்தது. இடம் வேறொருவருக்குப் போயிற்று. பிரஸ்ஸல்ஸ் மழையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ரொஸீனா இரண்டு நாள் முகம் வாடி இருந்தார். மூன்றாம் நாள் பஃப்பைக் குழாய்மேல் அடுக்கிக்கொண்டே, "லிஸ்பன் பூரா மேடு. என் முழங்காலுக்கு யாரோ நல்லது பண்ணியிருக்காங்க" என்றார்.

இலையுதிர்காலத்தில் நெதர்லாந்துக் கப்பல் அந்தக் கடலுக்குள் போனது. ஒரு மணல்திட்டுக்கு அருகே மரப்படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது; மீனவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். எப்படிக் கவிழ்ந்தது என்பதில் இன்றைக்கும் தகராறுதான். உரிமை கொண்டாடும் இரண்டு தரப்பும் வானொலியில் ஒரே நேரத்தில் எச்சரித்தன: நிற்காதே, இது எங்கள் நீர். கேப்டன் ரீனுஸ் போஸ்மா நின்றார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் தகவல் சொல்லி, பக்கத்துத் துறைமுகத்தில் சேர்த்தார். இரண்டு தரப்பும் பிரஸ்ஸல்ஸுக்குக் கண்டனம் அனுப்பின. ஒன்றியம் அந்த இரண்டு வரிகளை எடுத்துக் காட்டியது. சில நாள் உறுமல் இருந்தது. பிறகு அடங்கிவிட்டது. மீனவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வசந்தத்தில் போஸ்மா பிரஸ்ஸல்ஸுக்கு வந்து அந்த அறையில் தன் பயணத்தைப் பற்றிப் பேசினார். வெயிலில் பழுத்த முகம், நரைத்த குட்டைத் தாடி. ரொஸீனா ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர்கள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் போஸ்மா ஹென்னிங்கிடம், "அந்த வரியை எழுத வெச்சது யாரு?" என்று கேட்டார். ஹென்னிங் கைகாட்டினார்.

நடைபாதையில் போஸ்மா வலது கையை நீட்டினார். "உங்களுக்கு நன்றி சொல்லணும், அம்மா. அன்னைக்கு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டது. ஆனா யாரையும் கேக்க வேண்டி வரல."

ரொஸீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன விஷயம் எதுவும் வாயில் வரவில்லை. "தண்ணிலேருந்து அவங்களை யாரு தூக்கினது?" என்றார்.

"எங்க பசங்கதான். கடைசியா ஒரு பெரியவர் எங்க மீட்புப் படகுலேருந்து ஏணில ஏற முடியாம நின்னார். நான் கீழ இறங்கிப் போய் அவரை மட்டும் கை குடுத்துத் தூக்கினேன்."

"இந்தக் கையாலயா?"

"இல்ல. வலது கையில வயர்லெஸ் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் கத்திக்கிட்டே இருந்தாங்க."

ரொஸீனா அவருடைய வலது கையை விட்டுவிட்டு, இடது கையை எடுத்து, குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.