மாப்பிள்ளை வீட்டு ஆல்பம்

உயிரோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த ஒரு மனிதரை, நான் ஒருமுறை இறந்துவிட்டதாக அறிவித்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அதை அவர் இன்றுவரை நம்பவில்லை. அவர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரரின் தம்பி. எனக்கு மச்சான் முறை.

ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பருத்திப்பட்டில் ஏரியோரமாக ஒரு ஃப்ளாட்டில் வந்து விழுந்த புதிதில், வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டான். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்களாம். அப்பா பெயர் சொன்னேன், தாத்தா பெயர் சொன்னேன். அதற்கு மேலே போகத் தெரியாமல் இரண்டு கிளை வரைந்து சும்மா விட்டேன். கம்பளிப்பூச்சி தின்ற முருங்கை மரம் மாதிரி இருந்தது. பேரன் அதையே பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்து நல்ல மார்க் வாங்கினான் என்பது வேறு விஷயம். எனக்குத்தான் மானம் போய்விட்டது.

அக்கம்பக்கம் விசாரித்தால் எல்லார் வீட்டு மரமும் இதே லட்சணம். இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு இது சொந்த ஊர் கிடையாது. அப்பா வேலைக்கு வந்தார், குவார்ட்டர்ஸ் கிடைத்தது, இங்கேயே வளர்ந்தோம். அப்பா ஊரில் யார் யார் என்று கேட்டால் முழிப்போம். இப்படி முழிக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஏரிக்கரை நடைபாதையில் ஞாயிறு காலை கூட ஆரம்பித்தோம். அதற்கென்று மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம். ஆசிரியர், நிருபர், ஜெராக்ஸ் கடைக்கு நடப்பவர் எல்லாம் நான்தான்.

தாளில் என்ன இருக்கும் என்றால், எந்தப் பள்ளிக்கூடத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டுகிறார்கள், ஞானஸ்நானப் பதிவேடு பார்க்கப் பூந்தமல்லிப் பக்கம் யாரிடம் பணிவாகப் பேச வேண்டும், வில்லங்கச் சான்று போட்டால் தாத்தாவின் கூடப்பிறந்தவர்கள் எப்படி வரிசையாக வந்து நிற்பார்கள் என்பது போன்ற சங்கதிகள். சென்னீர்குப்பத்தில் ஒருவர் வீடு மாறும்போது நாற்பது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடப் போகிறார் என்று தெரிந்து, மூன்று பேர் ஆட்டோ வைத்துக்கொண்டு ஓடியது எங்கள் வரலாற்றின் பொற்காலம். கடைசியில் ‘தேடுகிறோம்’ என்று ஒரு பத்தி. அதற்கு மேலே, பெட்டி கட்டி, என் அறிவுரை. ஒரு மாத அறிவுரை இது: ‘கல்யாண ஆல்பம் தேடுகிறவர்கள் பெண் வீட்டு ஆல்பத்தோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் போட்டோக்காரர் வைத்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்தையும் பாருங்கள்.’ எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

இனி அந்தக் கொலை. சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்களுக்குப் பெரிய பொக்கிஷம். மகன், மருமகன், சம்பந்தி, தெரு நண்பர்கள் வரை பெயர் போட்டிருப்பார்கள். ஒருநாள் அம்பத்தூரில் வண்டியில் போகும்போது அப்படி ஒரு போஸ்டரில் என் மச்சானின் முகம். மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. நிறுத்தி, இறங்கி, கிட்டப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் செய்தியை முந்தித் தருவதில் எனக்கு ஒரு அரிப்பு. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், அன்றைக்கு ஜெராக்ஸுக்குப் போன தாளிலும் போட்டுவிட்டேன். ‘ஆழ்ந்த இரங்கல்.’

செத்தவர் அவருடைய நண்பர். போஸ்டர் அடித்துக் கொடுத்தவர் மச்சான். அடித்துக் கொடுத்தவர் படம் பெரிதாகவும், செத்தவர் படம் ஓரத்தில் சின்னதாகவும் இருப்பது நம்ம ஊர் வழக்கம் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். திருத்தணியிலிருந்து ஒரு சித்தி ரோஜா மாலையோடு தெருமுனையிலேயே அழ ஆரம்பித்து உள்ளே வந்தால், மச்சான் லுங்கியோடு இட்லி தின்றுகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அவர் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, போன வருஷம் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. எல்லாரும் கொள்ளுத்தாத்தாவைத் தேடி வருகிற இடத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு போட்டோ.

“எங்கம்மா எனக்கு நாலு வயசுல தவறிட்டாங்க சார். குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ. அப்பாவால தாங்க முடியல. அம்மா படம் எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு ஊருக்கு அனுப்பிட்டாரு. கேட்கிற வயசு வந்து நான் போய்த் திறந்தா, பெட்டி முழுக்கக் கரையான்.”

“முகம் ஞாபகம் இருக்காம்மா?”

“இல்ல. அம்மா மாதிரியே இருக்கேன்னு சின்ன வயசுல சொல்லுவாங்க. எது அம்மா மாதிரின்னு கேட்டு வச்சுக்கல. சொன்னவங்களும் போயிட்டாங்க. திதி அன்னைக்கு எல்லார் வீட்லயும் படம் வச்சுக் கும்பிடுவாங்க. நான் விளக்கை மட்டும் வச்சுக் கும்பிடுறேன்.” பிறகு சொன்னார்: “நான் இப்ப எங்கம்மாவுக்கு அம்மா வயசுல இருக்கேன் சார்.”

எந்தக் குவார்ட்டர்ஸ், எந்த பிளாக் என்று கேட்டேன். சொன்னார்.  எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்று, கேட் ஏறிக் குதிக்கும் என்னை “ஏம்ப்பா, கேட்டைத் திறந்தா அது கடிச்சிருமா?” என்று கேட்ட அந்த வீட்டு அக்காதான் இவருடைய அம்மா. குரல் காதில் இருக்கிறது. முகம் கேட்டால் எனக்கும் வரவில்லை.

“எங்க அக்கா கல்யாணத்துக்கு உங்கம்மா வந்தாங்கம்மா. பிளாக்கே வந்துச்சு. ஆல்பம் என் பீரோவுலதான் இருக்கு” என்றேன். அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு சுலபமாக ஒரு வெற்றி எனக்கு வாய்த்ததில்லை. வழியெல்லாம் தாளில் போடத் தலைப்புகூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆல்பத்தை விரித்தேன். என் மனைவி காபியோடு வந்து நின்றாள். கறுப்பு வெள்ளைப் படம். குவார்ட்டர்ஸ் மன்றத்து ஹாலில் அக்காவும் அத்தானும் மாலையோடு நடுவில், சுற்றிலும் குவார்ட்டர்ஸ் பெண்கள். வலது பக்கம் மூன்றாவதாக, இடுப்பில் குழந்தையோடு ஒருவர். குழந்தை தெளிவாகத் தெரிகிறது. பிடித்திருக்கும் கை தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய தலை. காக்கை கூடு கட்டலாம் என்று நினைக்கிற அளவுக்கு முடி. பல்லைக் காட்டிக்கொண்டு அப்போதைய பத்தொன்பது வயது நான்.

அந்தக் காலத்தில் பிளாஷ் அடிக்கும் நேரம் பார்த்துத் தலையை நீட்டுவது எனக்கு ஒரு கலை. சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால், நான் போட்டோ போட்டோவாகப் போய்த் தலையை நீட்டியிருக்கிறேன். முப்பத்தாறு படத்தில் இருபத்திரண்டில் நான் இருக்கிறேன். மணமகளே அத்தனை படத்தில் இல்லை.

அந்தம்மா படத்தின் மேல் குனிந்தார். என் முடியின் ஓரத்தில் துளியாகத் தெரிந்த காதையும் ஜிமிக்கியையும் விரலால் தொட்டார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

“காது என்னுது மாதிரியே இருக்கு சார்” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் அவருக்குக் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். “பரவால்ல சார். இதுவரைக்கும் காதுகூட இல்லையே.” செல்போனில் அந்தக் காதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அவர் போனதும் மனைவி கேட்டாள். “மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்தையும் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் பெட்டி கட்டி எழுதினது யாரு?”

“அது பொதுவா எழுதினது.”

“மாப்பிள்ளை வீடு எங்க இருக்கு?”

“அம்பத்தூர்ல.”

“ஆல்பம் யார்கிட்ட இருக்கு?”

ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தேன். அத்தானும் அக்காவும் ஓசூருக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பூர்வீக வீடும் அதிலிருக்கும் சாமான்களும் நான் சாகடித்த தம்பியிடம்தான். அக்காவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன், நீ கேட்டு வாங்கிக் கொடு என்று. “குத்துக்கல்லாட்டம் இருந்த மனுஷனைக் கொன்னது நீ. நீயே போய்க் கேளு” என்று வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். மழை என்றேன், முட்டி வலி என்றேன். நான்காவது ஞாயிறு அந்தம்மா கூட்டத்துக்கு வந்து, வேறு யாருக்கோ பழைய பள்ளிப் பதிவேட்டில் பெயர் கிடைத்ததற்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் திதி என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எழுந்து, “வாங்கம்மா, அம்பத்தூர் போவோம்” என்றேன்.

கதவைத் திறந்தது மச்சானேதான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா மச்சான், சாவு ஊட்டுக்கு வெறுங்கையோட வந்துகினு கீறே? மாலை எங்கே?”

“வாங்கலாம்னுதான் பார்த்தேன் மச்சான். உங்களுக்கு என்ன பூ பிடிக்கும்னு தெரியல.” வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

“பார்த்தியா, பார்த்தியா, திமிரு கொறையல! இது யாரு? அடுத்து உன் பேப்பர்ல போறது இவங்களா?”

அந்தம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். என் தலை மறைத்ததையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல். சொல்லச் சொல்ல மச்சானின் முகத்தில் கேலி இறங்கிக்கொண்டே வந்தது. முடித்ததும் என்னைப் பார்க்காமல் அவரிடம் பேசினார்.

“அம்மா மூஞ்சி பார்க்க வந்துகீறியா கண்ணு? உள்ளே வந்து குந்து.” பிறகு என்னிடம் திரும்பி, “நீ வாசல்லயே நில்லு. இல்ல, நீயும் வா. ஆனா ஒண்ணு. நான் உயிரோட கீறேன்னு உன் பேப்பர்ல முதல் பக்கத்துல போடணும். படத்தோட. படம் பெருசா இருக்கணும்.”

“கடைசிப் பக்கத்துல திருத்தம் போட்டேனே மச்சான்.”

“அது எறும்பு படிக்கிற சைஸுல இருந்துச்சு.”

ஒப்புக்கொண்டேன். நாற்காலி போட்டு லாஃப்ட்டிலிருந்து அவரே ஆல்பத்தை இறக்கினார். பழந்துணியால் தூசி துடைத்தார். பக்கங்களுக்கு நடுவே இருந்த மெல்லிய தாள் படங்களோடு ஒட்டிப்போயிருந்தது. அந்தம்மாவுடையது ரத்தம் எடுத்துப் பழகிய கை. அவர்தான் நகத்தால் மெதுவாகப் பிரித்துப் பிரித்துப் புரட்டினார். நாங்கள் இரண்டு கிழவர்களும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே மேடை. அதே பெண்கள். மாப்பிள்ளை வீட்டுப் போட்டோக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, எங்கள் போட்டோக்காரர் எடுத்த அடுத்த நொடியில் எடுத்திருக்கிறார். இந்தப் படத்தில் நான் தலை நீட்டிய இடத்தில் இல்லை. பின்னாலிருந்து ஒரு இளைஞன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, கோழிக்குஞ்சு மாதிரித் தொங்கிக்கொண்டு ஓரத்தில் இருக்கிறேன்.

“இது நான்!” என்று கத்தினார் மச்சான். “காலரைப் புடிச்சிகினு கீறது நான்! அன்னிக்கே உன்னை இழுத்துப் போட்டேன் பாரு!”

அந்தம்மா எங்களைக் கவனிக்கவில்லை. வலது பக்கம் மூன்றாவதாக நின்றவர், இடுப்பில் குழந்தையோடு, நான் தொங்குவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். முழு முகம். இருபத்தாறு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.  பிறகு மெதுவாக, “கண்ணு மூடியிருக்கு சார்” என்றார். “கண்ணு எப்படி இருக்கும்னு தெரியலையே.”

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படத்தைப் பார்த்தேன். 

மச்சான்தான் சொன்னார். “இன்னா கண்ணு நீ. நீ சிரிச்சாலும் கண்ணு அப்பிடித்தான் உள்ளே பூந்துக்குது. வாசல்ல இவன் மாலை ஜோக்கு அடிச்சப்பவே பார்த்தேன். உங்கம்மா கண்ணு அதே எடத்துலதான் கீது. நீ கண்ணாடியில பார்த்துக்கோ.”

அந்தம்மா சிரித்தார். அதே மாதிரி. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மச்சான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு டம்ளர். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் குடித்த முதல் தண்ணீர்.

மச்சான் கொடுத்த படத்தை அந்தம்மா காட்டுப்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் போடக் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். ஸ்டுடியோக்காரர் கணினியில் பார்த்துவிட்டு, “அம்மாவையும் குழந்தையையும் மட்டும் வச்சுக்கிட்டு, ஓரத்துல தொங்குற இந்த ஆளைக் கட் பண்ணிரலாங்களா?” என்று கேட்டார். பண்ணுங்கள் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அந்தம்மா தடுத்துவிட்டார்.

“இருக்கட்டும். அவரைத் தூக்கிட்டா அம்மா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னே தெரியாது.”

ஆகவே இப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில், மல்லிகைச் சரத்துக்குக் கீழே, ஊதுபத்திப் புகையில், நானும் தொங்குகிறேன். திதி அன்று விளக்கோடு சேர்த்து எனக்கும் கற்பூரம் காட்டினார்களாம். படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அதை மச்சானுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். பேச முடியாமல் கொஞ்ச நேரம் சிரித்தார்.

“இப்பதான் மச்சான் எனக்கு மனசு ஆறிச்சு” என்றார். “ஆழ்ந்த இரங்கல்.”