சாக்பீஸ் நட்சத்திரம்

கடைசி மணி அடித்த பிறகு, பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் அறிவியல் சார் வீட்டுக்குக் கிளம்புவார். எனக்கு முழங்கால் வலி என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவள் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'புள்ளி சார்'. எங்கோ பெரிய தொலைநோக்கியில் எடுத்த வானத்துப் படங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றனவாம். பார்க்க ஆள் போதாதாம். கம்ப்யூட்டர் உள்ளவர் யாரும் பார்த்துச் சொல்லலாமாம். பழைய படத்தில் இல்லாத வெள்ளைப் புள்ளி புதுப்படத்தில் இருந்தால் வெடித்த நட்சத்திரமாக இருக்கலாம். பழையதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, புதியதைத் திரையில் போட்டுத் தேடுவார்கள். வாரம் ஒரு பீரியட்.

தலைமையாசிரியைக்கு அதில் இஷ்டமில்லை. "பரீட்சைக்கு வராததுக்கு எதுக்கு சார் பீரியட்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது காட்டுங்க. இல்லன்னா கணக்குக்குக் குடுத்துடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒரு புள்ளி கிடைத்தேவிட்டது. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடத்தை அழைக்க ஓடினார். பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் வருகிறார்களே என்று நான் ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, திரையிலும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

புள்ளியைக் காணோம். துணியில் வெள்ளையாக ஒரு தீற்றல்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே. அவர்கள் உள்ளே வந்ததும் துணியை நீட்டினேன். "சார், இதுதான் சார் அந்த நட்சத்திரம்."

மேடம் துணியைப் பார்த்தார். "ஏன் சார், வெடிச்சது சாக்பீஸா?"

கம்ப்யூட்டர் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார் சிரித்துவிட்டார். "ஆமா மேடம். முப்பது பேர் பார்த்தோம், ஒருத்தருக்கும் துடைக்கத் தோணல. அனுப்பறதுக்கு முன்னாடி அக்கா காப்பாத்திட்டாங்க."

மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கிக்கொண்டார். "பீரியட் கணக்குக்குத்தான். மதியம் சாப்பிடற நேரத்துல நீங்க என்ன பண்ணாலும் நான் கேக்க மாட்டேன்."

அதற்கப்புறம் இரண்டு வருஷம் பிள்ளைகள் மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். முதலில் நான் திரையைத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் படம். அது சார் போட்ட சட்டம். நட்சத்திரம் ஒன்றும் வெடிக்கவில்லை. சாருக்கு மாற்றல் உத்தரவுதான் வந்தது.

கிளம்புகிற அன்றும் பெஞ்சுகளை நகர்த்தி வைத்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்:

"திரையில புள்ளி தெரிஞ்சா துடைச்சுப் பாருங்கக்கா. துடைச்சும் போகலன்னா, எனக்கு ஒரு போன் போடுங்க."